வலிந்து பெற்ற கையொப்பம்: கூரத்தாழ்வான் சரிதத்தில் ஒரு விசாரம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர் மஹாஸபை செய்துகொண்ட இரண்டு வ்யவஸ்தைகள் வெட்டப்பெற்றுள்ளன. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் என்று பள்ளிப் பாடநூல்களும் அரசியல் மேடைகளும் இவற்றை அறியும். வாரியங்களுக்குத் தகுதியுடையோர் யார் என்ற பகுதியே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. தகாதோர் யார் என்ற பகுதியில் வரும் ஒரு சொல் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோரோடு ‘ஸாஹஸியர்’ என்போரையும் 921ஆம் ஆண்டின் வ்யவஸ்தை விலக்குகிறது. இச்சொல்லை ‘துணிச்சல்காரர்’ என்று பெயர்த்துவிட்டுக் கடந்து செல்வது வழக்கம். தர்மசாஸ்த்ரத்தில் ஸாஹஸம் என்பது வ்யவஹார பதங்களுள் ஒன்று. மறைவாகச் செய்யும் களவினின்று வேறாக, வலிமையையே துணையாகக் கொண்டு வெளிப்படையாகச் செய்யும் குற்றத்துக்கு அது பெயர். வேதமும் சாஸ்த்ரமும் கற்றோர் அமர்ந்த ஒரு சதுர்வேதிமங்கலத்து ஸபை அச்சொல்லைப் பொருளறியாமல் இட்டிராது. தோள்வலியால் காரியம் முடித்துக்கொள்பவனுடைய பெயர் குடத்துக்குள் விழவே கூடாது என்பது அவர்கள் முடிவு.

அந்த வ்யவஸ்தையில் மேலும் சில நுட்பங்கள் உள்ளன. முப்பது குடும்புகளின் ஓலைகளும் குடத்தில் இடப்படும். அவற்றுள் ஒன்றை எடுப்பவன் உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன். அதை வாங்கும் மத்யஸ்தன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததோடு முடிவதில்லை. அங்கிருந்த நம்பிமார் எல்லோரும் அவ்வோலையை வாசிக்க வேண்டும். இத்தனையும் அரசனுடைய ஸ்ரீமுகத்தின்படி, அவன் அனுப்பிய அதிகாரி உடனிருக்கச் செய்யப்பட்டவை. முறையை அரசன் ஆணையிடுகிறான். எந்தப் பெயர் வரவேண்டும் என்பதை அவன் ஆணையிடவில்லை, ஆணையிட முடியாதபடிதான் அம்முறையே அமைக்கப்பட்டிருக்கிறது. கால் வேலிக்கு மேல் நிலமுடையவனே தகுதியுடையவன் என்று சொன்ன அதே வ்யவஸ்தை, ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களுள் ஒன்றும் கற்று வக்காணிக்க வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும் என்று தளர்த்துகிறது. பொருள்வலி குறையும் இடத்தைக் கல்வி நிரப்பலாம் என்றவர்கள், உடல்வலியால் எதையும் நிரப்ப விடவில்லை.

இந்தக் கல்லிலிருந்து புறப்பட்டுக் காஞ்சியைக் கடந்து வடமேற்கே சென்றால் கூரம் வரும். உத்திரமேரூர் ஸபை தன் வ்யவஸ்தையைச் செய்து ஒன்றரை அல்லது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், அந்தக் கூரத்தில் அவதரித்த ஒருவரிடம் ஓர் ஓலையில் கையொப்பம் கேட்கப்பட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்லுகின்றன. தத்துவம் இன்னது என்பதை அதிகாரமும் நிர்ப்பந்தமும் நிர்ணயிக்கக் கூடுமா என்ற கேள்விக்கு ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் தன் அனுபவத்திலிருந்து தரும் விடை அந்நிகழ்ச்சியில் இருக்கிறது. ஆனால் அந்நிகழ்ச்சி இன்று சொல்லப்படும் விதத்தில் அவ்விடை பெரும்பாலும் காணாமற் போகிறது.

சரிதம் எல்லோரும் அறிந்ததே. சோழன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட தத்துவம் இல்லை என்று எழுதி, வித்வான்கள் யாவரிடமும் கையொப்பம் வாங்கினான். பலர் அச்சத்தாலும் சிலர் பொருளாசையாலும் இட்டுக்கொடுத்தனர். அவனிடம் அதிகாரியாயிருந்த நாலூரான், கூரத்தாழ்வானையே ஆச்ரயித்த சிஷ்யன், இத்தனை பேர் கையொப்பத்தாலும் ஆவதொன்றில்லை, இராமாநுசரும் ஆழ்வானும் இட்டாலொழிய இது நிலைநில்லாது என்றான். ஸேவகர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது எம்பெருமானாரை வெள்ளை உடுக்கச் செய்து மேல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு ஆழ்வான் ஸபைக்கு எழுந்தருளினார். முதியவரான பெரியநம்பியும், அவர் திருமகளார் அத்துழாயும் உடன் சென்றனர். ஆழ்வான் முதலில் ப்ரமாணங்களைக் கொண்டு வாதித்தார். வாதம் வேண்டாம், கையொப்பம் இடு என்று அரசன் வற்புறுத்தவே, சிவம் என்ற சொல் ஓர் அளவைக்கும், அதாவது குறுணிக்கும், பெயராவதை உட்கொண்டு, அதற்கு மேல் துரோணமாகிய பதக்கு உண்டு என்று சேர்த்தெழுதினார். கண்கள் போயின. பெரியநம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

உபந்யாஸங்களில் இந்த இடம் ஒரு சமத்காரமாகவே சொல்லப்படுகிறது; கேட்போரும் சிரித்து மகிழ்கின்றனர். சமத்காரம்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணை இழக்கப்போகிறவர் ஒரு சிலேடைக்காக அதை இழந்தார் என்று கொள்வது ஆழ்வானுடைய பெருமைக்குப் போதாது. அந்த வரி செய்யும் காரியத்தை ஆராய வேண்டும்.

சப்த ப்ரமாணத்தைப் பற்றிய விசாரத்தில் ஒரு வாக்யம் பொருள் தருவதற்கு ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி ஆகியவற்றோடு தாத்பர்யமும் வேண்டும் என்பது ப்ரஸித்தம். உப்பையும் குதிரையையும் ஒருங்கே குறிக்கும் ‘ஸைந்தவம்’ என்ற சொல்லைச் சொன்னவன் எதை நினைத்துச் சொன்னான் என்பதைக் கொண்டே பொருள் தேறும். அவன் உண்ணும்போது கேட்டால் உப்பு, புறப்படும்போது கேட்டால் குதிரை. லௌகிக வாக்யங்களில் சொல்லுபவனுடைய விவக்ஷையும், அவன் ஆப்தனாயிருப்பதும் வாக்யத்தின் ப்ராமாண்யத்துக்கு உறுப்புகள். வாளுக்கு அஞ்சி ஒருவன் எழுதிய வாக்யத்தில் விவக்ஷை எங்கே இருக்கிறது? எழுத்துக்கள் அவனுடையவை, சொல்ல விரும்பியது இன்னொருவனுடையது. அப்படிப்பட்ட வாக்யம் உண்மையோ பொய்யோ ஆவதற்கு முன்பே, வாக்யமாவதிலேயே குறைபடுகிறது. அரசன் கேட்ட வரியைக் குறுணி, பதக்குக் கணக்காக மாற்றியபோது ஆழ்வான் காட்டியது இதுவே. நிர்ப்பந்தத்தால் கிடைப்பது வெறும் எழுத்து. அதைத் தத்துவ நிர்ணயமாகவும் வாசிக்கலாம், நெல் அளக்கும் வாய்பாடாகவும் வாசிக்கலாம். இரண்டுக்கும் நடுவே தேர்ந்து கொடுக்க வேண்டிய கருத்து எழுதியவன் நெஞ்சில் இருக்கிறது. அங்கே அரசனுடைய ஸேவகர் நுழைய வழியில்லை.

வலிந்து எழுதுவிக்கப்பட்ட ஓலைக்குச் சட்டத்திலும் மதிப்பில்லை. வலிமையால் கொடுக்கச் செய்தது, வலிமையால் அனுபவித்தது, வலிமையால் எழுதச் செய்தது ஆகிய யாவும் செய்யப்படாதவையே என்பது மநுவின் விதி. நிலம் விற்ற ஓலையாயினும் கடன் சீட்டாயினும் இதுவே நியாயம். வேலி நிலத்தின் உரிமையையே மாற்றமாட்டாத ஓலை பரதத்துவத்தை மாற்றும் என்று அச்சோழன் எண்ணியது, தன் ராஜ்யத்து ஊர்ஸபைகள் அறிந்திருந்த தர்மத்தையே மறந்ததாகும்.

நாலூரானுடைய சொல் இதைவிட ஆழமானது. ஆயிரம் பேர் கையொப்பம் அரசனிடம் இருந்தது. வலிமையே தத்துவத்தை நிர்ணயிக்குமானால் அவன் அவ்வளவோடு நின்றிருக்கலாம். ஒரு கையொப்பமும் வாங்காமல் முரசறைந்தே விட்டிருக்கலாம். அஞ்சி இட்டவர் கையொப்பத்துக்கு விலையில்லை, அஞ்சாதவர் இட்டால் விலையுண்டு என்பது நாலூரான் சொன்னதன் பொருள். ஆனால் அஞ்சாதவரை அச்சுறுத்தி இடுவித்தால் அவரும் அஞ்சியவராகிவிடுகிறார். அக்கணமே அந்தக் கையொப்பமும் மற்ற ஆயிரத்தோடு சேர்ந்துவிடுகிறது. தான் தேடும் பொருளைத் தொட்ட மாத்திரத்தில் அழித்துவிடுகிற கையைப் போன்றது இந்த நிர்ப்பந்தம். சரிதத்தில் துரோகியாக நிற்கிற நாலூரானே, கையொப்பத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஸபையில் அறிந்திருந்தவனும் ஆகிறான். ஆழ்வான் திருவடிகளில் கற்றவனாதலால் அறிந்தான் போலும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். உண்மைக்காக நின்றவர் வேறொருவருடைய வேஷத்தில் அல்லவா சென்றார்? காஷாயம் பொய் சொல்லவில்லையா? இதை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். மஹாபாரதத்தில் கர்ண பர்வத்தில் கௌசிகன் கதை வருகிறது. உண்மையே பேசுவேன் என்ற விரதம் பூண்ட அவன், துரத்தி வந்த கள்வர்க்கு, ஒளிந்தவர் சென்ற வழியைக் காட்டி அவர்கள் கொலையுண்ணக் காரணமாகி நரகம் புகுந்தான். கொல்ல வந்தவனுக்கு வழி சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. ஆனால் ஆழ்வான் செய்தது இன்னும் நுட்பமான வேறுபாடு. எம்பெருமானாருடைய திருமேனியைக் காக்கத் தம் உடையை மாற்றினார். அவருடைய ஸித்தாந்தத்தைக் காக்க ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தம் உயிரைக் காப்பதற்கு வேஷமும் இடவில்லை, வார்த்தையும் மாற்றவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிட்டு ‘அவரும் ஏமாற்றினாரே’ என்பது விசாரமாகாது.

ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தியது இது முதல் முறையன்று. இதுவே இச்சரிதத்தின் உயிர்நிலை. உபந்யாஸங்களில் இவ்விரண்டும் சேர்த்துச் சொல்லப்படுவது அரிது.

ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யத் தொடங்கியபோது, தாம் சொல்வதில் மாறுபாடு தோன்றினால் எழுதாமல் நிறுத்திவிடும்படி உடையவர் ஆழ்வானை நியமித்திருந்தார். காச்மீரத்தில் போதாயன வ்ருத்தியை இரவுகளில் வாசித்து நெஞ்சிலே பதித்துக்கொண்டு வந்தவர் ஆழ்வான். ஆகவே அந்த நியமனம் வெறும் உபசாரமன்று. ஜீவாத்ம ஸ்வரூபத்தை நிரூபிக்கும் இடத்தில் எம்பெருமானார் ஜ்ஞாத்ருத்வத்தை மட்டும் சொல்லிச் சேஷத்வத்தைச் சொல்லாது விட்டபோது எழுத்தாணி நின்றது. அவர் திரும்பவும் சொன்னார்; எழுத்தாணி நகரவில்லை. ஆசார்யர் சினந்து, அப்படியானால் பாஷ்யத்தை நீரே செய்துகொள்ளும் என்றார். திருவடியாலே தள்ளினார் என்றும் சிலர் சொல்வர். ஆழ்வான் பேசாதிருந்தார். பின்னர் எம்பெருமானார் தாமே ஆராய்ந்து, சேஷத்வத்தை விட்டு ஸ்வரூப நிரூபணம் கூடாது என்று தெளிந்து, ஆழ்வானை அழைத்து அணைத்து, மேலே எழுதுவித்தார்.

ஆசார்யன் திருவடியே தஞ்சம் என்ற ஸம்ப்ரதாயம், தன் தலைவரான ஆசார்யரின் சினம் ஒரு சிஷ்யனுடைய மௌனத்தின் முன் தோற்ற கதையை மறைக்காமல் போற்றி வைத்திருக்கிறது. அந்தச் சிஷ்யனுக்கு ஆசார்யனிடம் இருந்த பாரதந்த்ர்யம் எவரினும் குறைந்ததன்று. அவரைக் காக்கக் கண்ணையே கொடுத்தவர். ஆயினும் பாரதந்த்ர்யத்தால் எழுத்தாணியை நகர்த்திவிடவில்லை. ஆசார்யனுக்கு அடிமைப்பட்டிருப்பது வேறு, பொருந்தாத வரியை எழுதிக்கொடுப்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். ஆசார்யரும் அறிந்திருந்ததனால்தான் முதலிலேயே அந்த நியமனத்தைச் செய்தார். சிஷ்யர்களிடம் கேள்வி வேண்டாம், கீழ்ப்படிதல் போதும் என்று கேட்கும் குரல்கள் இன்றும் எங்கேனும் இருக்குமானால், அவை உடையவர் செய்த நியமனத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம். ஸ்ரீரங்கத்து மடத்தில் சினத்துக்கு இடங்கொடாத எழுத்தாணி, சோழன் ஸபையில் வாளுக்கு இடங்கொடாதது வியப்பன்று. கடினமானது முதலாவதே. பகைவன் சொல்வதை எழுத மறுப்பது எளிது. உயிரினும் இனியவர் சொல்வதை எழுத மறுப்பதற்கு வேறு வகையான உறுதி வேண்டும்.

பாஷ்யமே இதற்கு உள்ளிருந்து காரணம் தருகிறது. ஜிஜ்ஞாஸாதிகரணத்தில், மோக்ஷ ஸாதனமாக வேதாந்தங்கள் விதிக்கும் ஞானம் வாக்யத்தைக் கேட்டவுடன் பிறக்கும் வாக்யார்த்த ஜ்ஞானமன்று; த்யானம், உபாஸனம் என்ற சொற்களால் கூறப்படும் இடையறாத நினைவே அது என்று எம்பெருமானார் ஸாதிக்கிறார். அதற்கு அவர் காட்டும் ஹேதுக்களுள் ஒன்று இவ்விசாரத்துக்கு மிகவும் வேண்டியது. வாக்யார்த்த ஜ்ஞானம் விதியில்லாமலே வாக்யத்திலிருந்தே உண்டாகிவிடும். ஆகையால் அதை விதிப்பது பயனற்றது. உபாஸனத்தை விதிக்கலாம், யாகத்தை விதிக்கலாம். அவை செய்யவும் விடவும் கூடியவை. வாக்யத்தின் பொருளை அறிவது அப்படிப்பட்டதன்று. ப்ரமாணம் முன்னிற்கும்போது ஞானம் பிறக்கும், இல்லாதபோது பிறவாது. விதிவாக்யங்களையுடைய வேதமே தன் பொருளை இப்படி அறிக என்று ஆணையிடாதபோது, ஓர் அரசனுடைய ஆணை அங்கே செய்யக்கூடியது யாது? அவன் கையை அசைக்கச் செய்யலாம். நாவை அசைக்கச் செய்யலாம். ஞானம் அவன் ஆணைக்குப் பிறக்கும் பொருளன்று.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. சக்தியிலே ஸர்வேச்வரனுக்கு மேற்பட்டவன் இல்லை. அவன் ஸத்யஸங்கல்பன், நினைத்தது நினைத்தபடி ஆகும். ஆகவே அவனளவிலாவது வலிமை தத்துவத்தை நிர்ணயிக்கிறது என்னலாமே என்று கேட்கலாம். தேவதாதிகரணத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்ருஷ்டியின் தொடக்கத்திலும் எம்பெருமான் முன்பிருந்த ஆநுபூர்வியோடு கூடிய வேதத்தையே நினைத்து நான்முகனுக்கு உபதேசிக்கிறான், புதிதாக இயற்றுவதில்லை. வேதம் அபௌருஷேயம் என்பதற்கு அங்கே கொள்ளும் பொருள் இது. பதினான்கு உலகையும் ஸங்கல்பத்தால் படைப்பவன், அவ்வுலகைப் பற்றிய ப்ரமாணத்தின் ஓர் எழுத்தையும் தன் ஸ்வாதந்த்ர்யத்தால் மாற்றுவதில்லை. அவனுடைய ஸங்கல்பம் பொருள்களை உண்டாக்கும். உண்டான பொருள் உண்மையாகவே இருக்கும். இல்லாததை உள்ளதென்று பிறரைச் சொல்லவைப்பது ஸத்யஸங்கல்பத்வம் ஆகாது. ஸர்வசக்தனே கைக்கொள்ளாத ஒரு வழியைக் குறுநில எல்லைக்குட்பட்ட ஓர் அரசன் கைக்கொண்டான் என்பதே அந்தக் கையொப்ப முயற்சியின் பரிதாபம்.

இனி வரலாற்றுக் கேள்வி. ஸம்ப்ரதாயம் க்ருமிகண்டன் என்று குறிக்கும் அச்சோழன் யார்? முதலாம் குலோத்துங்கன் (1070–1122) என்பாரும், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பாரும், அதிராஜேந்த்ரன் என்பாரும் உளர். எம்பெருமானாருடைய காலத்தை 1017 முதல் 1137 வரை என்று ஸம்ப்ரதாயம் கொள்கிறது. அவரை ஆதரித்த ஹொய்ஸள விஷ்ணுவர்த்தனன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவன். இவற்றோடு பொருத்தினால் முதலாமவன் ஆட்சிக்காலமே இசைகிறது. ஆனால் ஸ்ரீரங்கத்திலேயே அவன் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகள் பல உள்ளன. பெருமாளுக்கு நிலமும் விளக்கும் அக்காலத்தில் வந்துகொண்டே இருந்தன. உத்திரமேரூரிலும் ஸுந்தர வரதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில், சிவன் கோயில், ஸுப்ரஹ்மண்யர் கோயில் ஆகியவை ஒரே ஊர்ஸபையின் பராமரிப்பில் ஒன்றையொன்று தள்ளாமல் நின்றன. ஆகவே சோழநாடு முழுவதும் வைஷ்ணவ ஹிம்ஸை நடந்தது என்று பொதுப்படச் சொல்வதற்குக் கல்வெட்டுகள் இடந்தரவில்லை. ஓர் அரசவையில் ஒரு காலத்தில் நிகழ்ந்த கொடுமை என்ற அளவில் நிற்பதே நேர்மை. தில்லைக் கோவிந்தராஜர் பெயர்க்கப்பட்டது வேறு செய்தி. அதைச் செய்தவனைப் பாடிய ஒட்டக்கூத்தரே அதைப் புகழாகச் சொல்லியிருப்பதால் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

‘க்ருமிகண்டன்’ என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். கழுத்தில் புழு வைத்தவன் என்பது துன்பப்பட்டோர் இட்ட பெயர். அவ்வரசனுடைய இயற்பெயர் குருபரம்பரையில் மறைந்துவிட்டது. வாள் ஒரு பக்கம் இருந்தபோது பெயரிடும் வலிமை இன்னொரு பக்கம் இருந்திருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆயினும், பெயர் வழங்கிவிட்டதாலேயே ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று கொண்டால், கையொப்பம் வாங்கிவிட்டதாலேயே ஸித்தாந்தம் முடிந்துவிட்டது என்று கொண்ட அரசனுடைய நிலைக்கே ஆராய்பவனும் வந்துவிடுவான். கண்களை அரசன் பறித்தான் என்றும், இப்பாவியைக் கண்ட கண் வேண்டா என்று ஆழ்வான் தாமே பறித்துக்கொண்டார் என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. இரண்டில் ஒன்றை ஆரவாரத்தால் நிலைநாட்ட முயல்வதைவிட, இரண்டும் வழங்குகின்றன என்று சொல்லி நிற்பது ஆழ்வான் வழிக்கு நெருக்கமானது.

வலிமை எப்போதும் எதிர்த்தரப்பிலேயே இருந்ததாகவும் எண்ணிவிடக் கூடாது. கி.பி. 1368இல் விஜயநகர முதலாம் புக்கன் காலத்தில் ச்ரவணபெளகொளவில் வெட்டப்பெற்ற சாஸனம், பக்தர்களாகிய வைஷ்ணவர்கள் தங்களுக்கு அநீதி செய்வதாக ஜைனர்கள் அரசனிடம் முறையிட்டதைச் சொல்கிறது. கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் முதலிய திவ்யதேசங்களின் ஆசார்யர்களும் வைஷ்ணவர்களும் கூடியிருக்க, அரசன் ஜைனர் கையைப் பிடித்து வைஷ்ணவர் கையில் வைத்து, ஜைனர்க்குப் பஞ்சமஹாவாத்யமும் கலசமும் முன்போல் உரியவை என்று தீர்த்தான். ஜைனர்களின் இசைவோடு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு ஹணம் வாங்கி, பெளகொளத்து தேவனுக்கு இருபது காவலரை நியமிக்கும் பொறுப்பைத் திருமலைத் தாதய்யங்காரிடமே ஒப்புவித்தான். முறையிட்டவர்களைக் காக்கும் பொறுப்பு, முறையிடப்பட்ட தரப்பிலேயே வைக்கப்பட்டது. ராஜநீதியில் இதைவிட நயமான தீர்ப்பு அரிது. அத்தீர்ப்பில் அரசன் இன்னொன்றும் சொன்னான்: வைஷ்ணவ தர்சனத்துக்கும் ஜைன தர்சனத்துக்கும் பேதமில்லை என்று. வாத்யமும் கலசமும் பற்றிய தீர்ப்பு நிலைத்தது. நிலைக்க வேண்டியதும் அதுவே. பேதமில்லை என்ற வாக்யம் இரு தரப்பிலும் ஒரு நூலிலும் ஸித்தாந்தமாக ஏறவில்லை. ஆருஹத மதத்தைப் பற்றிய ஸூத்ரங்களின் வ்யாக்யானம் 1368க்கு முன்பு இருந்தபடியே பின்பும் கற்பிக்கப்பட்டது. கொடுங்கோலனுடைய வாள் செய்யமாட்டாததை நல்லரசனுடைய நல்லெண்ணமும் செய்யமாட்டாது. இன்று பெருமாள்கோயிலில் முதலில் ஸேவிப்பவர் யார் என்ற வழக்குகளில் நீதிமன்றம் முறையைத் தீர்க்கிறது. பாசுரத்தின் பொருளைத் தீர்ப்பதில்லை.

வலிமை தோற்றே தீரும் என்றும் இதிலிருந்து முடித்துவிட இயலாது. அச்சத்தால் கையொப்பமிட்டவர்களின் பேரர்கள் அதையே நம்பி வளர்ந்திருக்கக் கூடும். மூன்று தலைமுறைக்கு ஒரு பாடத்தை நிறுத்திவைத்தால் அதைச் சொல்வோர் இல்லாமற் போவர். எத்தனையோ வேத சாகைகளும் வ்ருத்தி க்ரந்தங்களும் அப்படி மறைந்தன. ஆழ்வான் நெஞ்சில் ஏந்திவந்த போதாயன வ்ருத்தியே இன்று கிடைக்கவில்லை. வலிமை உண்மையைப் பொய்யாக்காது. ஆனால் உண்மையைக் கேட்பார் இல்லாமல் செய்யவல்லது. ஐந்து விரல் விரித்த உள்ளங்கையும், எல்லோரும் வாசிக்கும் ஓலையும், நிறுத்தும்படி நியமனம் பெற்ற எழுத்தாணியும் வேண்டியிருப்பது இதனால்தான்.

ஸபையிலிருந்து மீண்ட பின் நடந்ததை உபந்யாஸங்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. கண்ணிழந்த ஆழ்வான் ஸ்ரீரங்கத்தில் பெருமாளை ஸேவிக்கச் சென்றபோது, உடையவருடைய ஸம்பந்தமுள்ளோர் உள்ளே புகலாகாது என்ற அரசாணை வாயிலில் இருந்தது. காவலிருந்தவர்கள் கொடியவர்களல்லர். இவர் நல்ல ஆத்மகுணங்கள் உடையவர், எவரிடமும் பகையில்லாதவர், இவரை விடலாம் என்றனர். ஆழ்வான் திகைத்து நின்றார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு உறுப்பாக வேண்டியவை; எனக்கு அவையே அந்த ஸம்பந்தத்தை அறுப்பதற்கு உறுப்பாயினவே என்று கலங்கி, பெருமாள் ஸேவையும் வேண்டா என்று திரும்பித் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார். ஸுந்தரபாஹு ஸ்தவம் அங்கே பிறந்தது. அரசவையில் இருந்தது வாள்; இங்கே இருந்தது சலுகை. எழுத வேண்டியதொன்றுமில்லை, பேச வேண்டியதொன்றுமில்லை, உள்ளே நடந்தால் போதும். மௌனமாகப் பெற்றுக்கொள்ளும் விலக்கும் ஒரு கையொப்பமே என்று கண்டவர் அவர். துரோணத்தைவிட இந்த வாயிலே விரிவாகச் சொல்லத் தக்கது.

எம்பெருமானார் மீண்டெழுந்தருளிய பின், கேட்டதெல்லாம் கொடுக்கும் காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களைக் கேட்கும்படி ஆழ்வானை நியமித்தார். வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பம் செய்து முடித்தவரைப் பெருமாள் வேண்டுவது என்னவென்று கேட்க, நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே வேண்டும் என்றார் ஆழ்வான். பெருமாளும் அப்படியே தந்தருளினான். கண்ணைக் கேளாமல் வந்தீரே என்று எம்பெருமானார் வருந்தினார் என்பர். சைவ வைஷ்ணவப் பூசலுக்கு இச்சரிதத்தை இன்னும் எடுத்தாள்வோர் இந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. நாலூரானைத் தண்டிக்கும்படியோ, அவன் சொன்னது தவறென்று ஊரறியச் செய்யும்படியோ ஆழ்வான் கேட்கவில்லை. அவனிடமிருந்து ஓர் ஒப்புதலும் வாங்கவில்லை.